கடல் பாலிகிளாடா, ஓடை பிளனேரியாவா, கண்ணுக்கே தெரியாத குட்டிப்புழுவா? தட்டைப்புழு ஆராய்ச்சிக்கு எதை எடுக்கலாம்

போன வாரம் ராத்திரி ஜூனியர் பொண்ணு ஒண்ணு போன் பண்ணுச்சு. "அக்கா, பிஎச்டிக்கு தட்டைப்புழு எடுக்கலாம்னு இருக்கேன், ஒட்டுண்ணி வேணாம், தண்ணில தனியா வாழுறதுதான், எத்தனை வகை இருக்கு எப்படி பரிணாமம் ஆச்சுன்னு பார்க்கணும், ஆனா எந்தக் கூட்டத்தை எடுக்கிறதுன்னு புரியல, கைடு உன் இஷ்டம்மாங்கிறாரு"ன்னு ஒரே மூச்சுல சொல்லுச்சு. ஒரு மணி நேரம் பேசினோம். போனை வெச்ச அப்புறமும் எனக்கு அதே யோசனைதான், இன்னும் சொல்லியிருக்கலாமேன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு, அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். இதே குழப்பத்துல வேற யாராவது இருந்தா அவங்களுக்கும் ஆகும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். தட்டைப்புழுன்னு சொன்னதும் நம்ம பாடப்புத்தகத்துல நாடாப்புழுவும் கல்லீரல் புழுவும்தான் ஞாபகம் வரும், ஏன்னா இந்தத் தொகுதியில பெரும்பாலான ஸ்பீஷீஸ் ஒட்டுண்ணிகள்தான். தனியா வாழுறதுல இதுவரைக்கும் பேர் வெச்சது ஏறக்குறைய 6,500 இருக்கும். அதுல நிலத்துல ஊர்றதைக் கழிச்சுட்டா மிச்சம் எல்லாம் தண்ணிக்காரங்கதான். வகைகள் ஏகப்பட்டது இருக்கு, ஆனா ஒரு மாணவர் நிஜமா கையில எடுத்து செய்யக்கூடியதுன்னு பார்த்தா மூணு வழி. ஒண்ணு கடல்ல பவளப்பாறைல கலர் கலரா நெளியுற பாலிகிளாட். ரெண்டாவது ஓடை, ஊத்துல கல்லுக்கு அடியில இருக்கிற பிளனேரியா. மூணாவது ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் சைஸ்ல மணல்லயும் பாசியிலயும் இருக்கிற குட்டிக் கூட்டம், மொத்தமா மைக்ரோடர்பெல்லேரியான்னு சொல்லுவாங்க, அதுல மேக்ரோஸ்டோமம், ஸ்டெனோஸ்டோமம் எல்லாம் வரும்.

இந்த மூணையும் ஒப்பிடுறப்ப நிறைய பேர் எது அழகு, எதுல பேப்பர் போடுறது ஈஸி, எதுல பண்ட் வரும்னு பார்ப்பாங்க. நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான். புழுவை கையில பிடிச்ச நாளுக்கும் "இது இன்ன ஸ்பீஷீஸ்"னு நீங்களே தைரியமா சொல்ற நாளுக்கும் நடுவுல எவ்ளோ காலம் போகும்? பல்லுயிரும் பரிணாமமும் படிக்கிறவங்களுக்கு இதுதான் உயிர்நாடி. பேர் தெரியாத புழுவை வெச்சு பரிணாம மரம் (யாருக்கு யார் சொந்தம்னு காட்டுற படம்) வரைஞ்சா அந்த மரத்துல யார் எங்க உக்காந்திருக்கான்னே சொல்ல முடியாது.

இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு ஒரு மலையடிவார ஓடைல பிளனேரியா எடுத்தேன். பிடிக்கிறது சுலபம், பச்சை ஈரல் ஒரு துண்டை வலைத்துணில கட்டி கல்லு இடுக்குல வெச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போனா மொய்ச்சுக்கிட்டு இருக்கும். டப்பாவுல வெச்சு வாரம் ஒரு தடவை ஈரல் குடுத்து, தண்ணி மாத்தி, இருட்டுல வெச்சு எட்டு மாசம் வளர்த்தேன், நூத்துக்கணக்குல பெருகுச்சு. ஆனா பெருகுனது எல்லாம் தானா ரெண்டாப் பிரிஞ்சு பெருகுனது. பிளனேரியாவுக்கு ஸ்பீஷீஸ் பேர் சொல்லணும்னா இனப்பெருக்க உறுப்போட உள்ளமைப்பைப் பார்க்கணும், பிரிஞ்சே பெருகுற கூட்டத்துல அந்த உறுப்பே வளராது. எட்டு மாசம் கழிச்சும் என் தீசிஸ்ல "டுகேசியா, ஸ்பீஷீஸ் உறுதியாகலை"ன்னுதான் எழுத முடிஞ்சுது (டுகேசியாங்கிறது பிளனேரியாவுல ஒரு பேரினம்). மனசு வலிச்சுது.

அதனால பிளனேரியாவைப் பத்தி முதல்ல பேசிடுறேன், கோவத்துல இல்ல, அதுல இருக்கிற நல்லதும் நிறையத் தெரியும்.

வளர்க்கிறதுல இதுக்கு ஈடே கிடையாது. பட்டினி போட்டா சாகாது, சுருங்கும். ஷ்மிட்டியா மெடிட்டரேனியாங்கிற ஸ்பீஷீஸ் சாப்பாட்டைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டர்ல இருந்து ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் போகும், திரும்ப வரும். 1898-ல டி.எச். மார்கன் வெட்டிப் பார்த்து 279-ல ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவா ஆகும்னு சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இன்னைக்கு உலகம் பூரா லேப்ல ஓடுற அந்த ஷ்மிட்டியாவோட பாலினம் இல்லாம பிரிஞ்சே பெருகுற வகை, பார்சிலோனாவுல மொன்ட்ஜூயிக் மலைல கேட்பாரில்லாம கிடந்த ஒரு நீரூற்றுத் தொட்டில இருந்து 1998-ல எடுத்தது. அதோட ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ வரிசை, 2018-ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. அப்படி கருவி, ஜீன், புரோட்டோகால் எல்லாம் ரெடியா இருக்கிற தட்டைப்புழு ரொம்பக் கம்மி.

பரிணாமக் கேள்விக்கும் பிளனேரியா ரெண்டு விஷயத்துல ரொம்ப நல்லா உதவும். ஒண்ணு, நில வரலாறு. இதுக்கு உப்புத்தண்ணி ஆகாது, பெரும்பாலான இனங்களுக்கு காய்ஞ்சு கிடந்து காத்துல பறக்கிற முட்டையும் கிடையாது, அதனால ஒரு தீவுல இருக்குன்னா அந்தத் தீவு நிலத்தோட ஒட்டியிருந்தப்பவே வந்திருக்கணும்னு ஓரளவு நம்பி யோசிக்கலாம். சார்டினியா, கோர்சிகா, துனிசியா, மயோர்க்கா, ஸ்பெயின் கரைன்னு சிதறிக் கிடக்கிற ஷ்மிட்டியாவை மேற்கு மத்தியதரைக்கடல் பக்கம் நிலத்துண்டுகள் உடைஞ்சு நகர்ந்த வரலாறோட பொருத்திப் பார்த்திருக்காங்க. டுகேசியா ஆப்பிரிக்காவுல இருந்து எந்த எந்த வழியா வெளிய வந்துச்சுன்னும் வேலை நடந்திருக்கு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி பழைய மலைத்தொடர்ல, ஓடைக்கு ஓடை பிரிஞ்சு கிடக்கிற இடத்துல இந்தக் கேள்வி எவ்ளோ பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, எல்லா பிளனேரியாவும் தலை வளர்க்காது. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. டென்ட்ரோசீலம் லாக்டியம்னு ஐரோப்பால ஒரு வெள்ளைப் பிளனேரியா இருக்கு, வால் பக்கத் துண்டுக்கு தலை வராது. 2013-ல நேச்சர்ல ஒண்ணா மூணு பேப்பர் வந்துச்சு, மூணும் மூணு வேற ஸ்பீஷீஸ்ல, பீட்டா-கேட்டனின்ங்கிற ஒரே ஒரு ஜீனோட வேலையை அமுக்குனா அந்த வாலுக்கும் தலை முளைக்குதுன்னு காட்டுனாங்க! அப்புறம் 2023-ல ஜெர்மனில கோட்டிங்கன்ல இருக்கிற மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்காரங்க 40 ஸ்பீஷீஸை லேப்ல வளர்த்து, வெட்டி, யாருக்குத் தலை வருது யாருக்கு வரலைன்னு பரிணாம மரத்துல வெச்சுப் பார்த்தாங்க, தலை வளர்க்கிற திறமை பரிணாமத்துல பல தடவை மாறியிருக்குன்னு தெரிஞ்சுது. பல்லுயிரும் பரிணாமமும் ஒண்ணா சேர்ந்தா என்ன கிடைக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனா அந்த 40 ஸ்பீஷீஸ் சும்மா வந்துடலை, பல வருஷம் உலகம் சுத்தி சேர்த்தது. நீங்க தனி ஆளா ஒரு ஓடைப் படுகைல ஆரம்பிச்சா நடக்கிறது என் கதைதான். பாலினமுள்ள (இனப்பெருக்க உறுப்பு வளர்ற) கூட்டம் கிடைச்சாலும் அதை சரியா ஃபிக்ஸ் பண்ணி (கெடாம மருந்துல நிலைப்படுத்தி), மெழுகுல பதிச்சு, மைக்ரோடோம்ங்கிற சீவுற கருவில ஆறு ஏழு மைக்ரான் கனத்துல வரிசை தப்பாம சீவி, ஸ்லைடு ஸ்லைடா பார்த்து உள்ளுறுப்பை மனசுல திரும்பக் கட்டணும். ஒரு துண்டு மடிஞ்சா போச்சு. டிஎன்ஏ பார்த்துக்கலாம்னு நினைச்சா அங்கயும் முள்ளு இருக்கு, ஸ்பீஷீஸை அடையாளம் காண எல்லா விலங்குக்கும் பார்க்கிற சிஓஐங்கிற ஜீனைப் பெருக்கி எடுக்கப் போடுற வழக்கமான பிரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) தட்டைப்புழுவுல பல நேரம் வேலை செய்யாது, இதுக்குன்னு செஞ்ச பிரைமர் வேணும். அதுக்கும் மேல, பிரிஞ்சே பெருகுற டுகேசியாவுல ஒரே புழுவுக்குள்ளயே வேற வேற சீக்வென்ஸ் வரும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. பாலினம் இல்லாம செல் பிரிஞ்சுக்கிட்டே இருக்கிறப்ப வர்ற மாற்றமெல்லாம் ஒரே உடம்புல சேர்ந்துக்கிட்டே போகுதில்ல, அதான். ஸ்பீஷீஸ் எல்லையை டிஎன்ஏல மட்டும் போட நினைச்சா அங்க கோடு வழுக்கும்.

சரி, கடலுக்கு வருவோம்.

பாலிகிளாட் பார்த்தவங்களுக்கு மனசு அங்கயேதான் நிக்கும். ஊதா ஓரம், மஞ்சள் புள்ளி, பட்டுத்துணி மாதிரி அலை அலையா நீந்தும். 800-க்கு மேல ஸ்பீஷீஸ், விரல் விட்டு எண்ணிடலாம்ங்கிற அளவைத் தவிர எல்லாம் கடல்லதான். இதுல நம்ம பக்கத்துக்கு ஒரு பழைய உறவு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. இலங்கைல பொறந்த டாக்டர் கேலார்ட் 1850-கள்ல திருகோணமலைல பாலிகிளாட்களை எடுத்து விவரிச்சாரு. அவர் 1860-ல இறந்த அப்புறம், அவர் சேர்த்ததையும் தன்னோடதையும் சேர்த்து காலிங்வுட்ங்கிறவர் 1876-ல 31 ஸ்பீஷீஸ் பத்தி எழுதுனாரு. அப்புறம் ஹெர்ட்மன்ங்கிற பிரிட்டிஷ் விலங்கியலாளர் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்கு 1902-ல வந்தப்ப எடுத்த பாலிகிளாட்களை லெய்ட்லா 1904-ல அறிக்கையா எழுதுனாரு. முத்துக்குளிச்ச கடல்ல எடுத்த புழு! இந்தக் கூட்டத்துல ஸ்டைலோகஸ் மாதிரி சிலது சிப்பியைத் தின்னுதுங்கிறதால இதுக்கும் முத்துச்சிப்பிக்கும் நேரடி சம்பந்தமே இருக்கு. திருகோணமலைல இன்னைக்கு ஒருத்தர் இறங்கி கேலார்ட் பார்த்த அதே புழுக்களைத் திரும்ப எடுத்து டிஎன்ஏவோட சரியா விவரிச்சா அது எவ்ளோ பெரிய சேவைன்னு நான் பல தடவை நினைச்சிருக்கேன். நானே போகணும்னு ஆசை.

பரிணாமத்துலயும் பாலிகிளாடுக்கு தனி மதிப்பு இருக்கு. பிளனேரியாவோட கரு வளர்ச்சி தட்டைப்புழுவுக்குள்ளயே ஒரு தனி ரகம், முட்டைக்கு வெளிய தனியா மஞ்சக்கரு செல்கள் இருக்கும், நடுவுல கரு செல்கள் ஒழுங்கே இல்லாம பிரிஞ்சு அலையும், அதை வெச்சு வேற விலங்கோட ஒப்பிடவே முடியாது. பாலிகிளாட் அப்படி இல்ல. நத்தை, கடல் வளையப்புழு மாதிரி அழகா சுருள் சுருளா செல் பிரியும், எந்த செல் எதுவா ஆகும்னு தொடர்ந்து பார்க்கலாம், சிலதுல எட்டு மடல் வெச்ச மியூல்லர் லார்வாவும் வரும். தட்டைப்புழுவுக்கும் மெல்லுடலிக்கும் பழைய உறவு என்னன்னு கேக்கிறவங்களுக்கு இதுதான் ஜன்னல். அதுக்காகத்தான் புளோரிடால மாங்குரோவ் வேர்ல இருக்கிற மாரிடிக்ரெல்லா குரோசியரியை எடுத்து வேலை செஞ்சாங்க. நடத்தைன்னு பார்த்தா சூடோசெரோஸ் பைஃபர்கஸ் ரெண்டு சந்திச்சா ஒண்ணை ஒண்ணு ஆணுறுப்பால குத்தப் பார்க்கும், யார் குத்துறதுன்னு போட்டி, குத்து வாங்குனவங்கதான் முட்டைச் செலவைச் சுமக்கணும். 1998-ல நேச்சர்ல வந்த வேலை அது.

இவ்ளோ சொல்லியும் ஆரம்பிக்கிற ஆளுக்கு நான் இதை சிபாரிசு பண்றது யோசிச்சுத்தான். தொட்டாலே கிழியும். அழுத்தம் தாங்காம கண்ணு முன்னாடியே கரைஞ்சு கூழாப் போகும். அதனாலதான் ஆஸ்திரேலியாவுல கிரேட் பேரியர் ரீஃப்ல வேலை செஞ்ச நியூமனும் கேனனும் ஃபார்மலினை உறைய வெச்சு அந்தக் கட்டி மேல புழுவை விரிச்சு ஃபிக்ஸ் பண்ற முறையைக் கொண்டுவந்தாங்க, சுருங்காம நிறமும் வடிவமும் அப்படியே நிக்கணும்னு. அவங்க நிறத்தை வெச்சே நிறைய ஸ்பீஷீஸ் பிரிச்சாங்க. ஆனா நிறத்தை எவ்ளோ நம்பலாம்? கரீபியன்ல சூடோசெரோஸ் பைகலர் கூட்டத்தை டிஎன்ஏ வெச்சுப் பார்த்தவங்க நிறம் ஏமாத்துதுன்னே எழுதியிருக்காங்க. சூடோசெரோஸ் இமிட்டேட்டஸ்னு ஒண்ணு விஷமுள்ள ஓடில்லாத கடல் நத்தை மாதிரியே வேஷம் போடும், வேற வேற உயிரினம் ஒரே நிறத்துக்கு வந்து சேர்ற இடத்துல நிறத்தை வெச்சு உறவு சொல்றது ஆபத்து. அப்புறம் நிறமே இல்லாத பழுப்பு பாலிகிளாட் இருக்கே, பாறைக்கு அடில ஒட்டிக்கிட்டு கிடக்குமே, அதுக்கெல்லாம் திரும்ப மைக்ரோடோம்தான், பிளனேரியா மாதிரியே வரிசையா சீவணும்.

போதாததுக்கு லேப்ல வளர்க்கிறது கஷ்டம். ஒவ்வொண்ணுக்கும் தனி சாப்பாடு, நிறைய ஸ்பீஷீஸ் அசிடியன்ங்கிற, பாறைல ஒட்டி வாழுற பை மாதிரி கடல் பிராணியை மட்டும்தான் தின்னும், அந்த அசிடியனை நீங்க வளர்க்கணும். அனுமதி விஷயமும் லேசுப்பட்டது கிடையாது. மன்னார் வளைகுடால 21 தீவும் 1986-ல இருந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம ஒரு கல்லைப் புரட்டக்கூடாது, பவளம் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு. அந்தப் பாதுகாப்பு வேணும்ங்கிறதுதான் என் எண்ணமும், ஆனா மூணு வருஷ பெல்லோஷிப்ல முதல் வருஷம் காகிதத்துலயே போயிடும்னு கணக்கு வெச்சுக்கங்க. டைவிங், போட் செலவு தனி. (சாம்பிளை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பணும்னா சென்னைல இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்தோட அனுமதி வேணும், இது மூணு வழிக்கும் பொது, கடைசி நேரத்துல ஓடாதீங்க.)

இப்ப மூணாவது. என் மனசு இங்கதான்.

ஒரு கண்ணாடி பாட்டில்ல குளத்துப் பாசியும் கொஞ்சம் சேறும் போட்டு தண்ணியோட மேசைல வெச்சிடுங்க. ரெண்டு மூணு நாள்ல உள்ள ஆக்சிஜன் குறைய ஆரம்பிச்சதும் குட்டிப்புழு எல்லாம் மூச்சுக்கு மேல ஏறி கண்ணாடி ஓரமா வரும். சொட்டுக்குழாயால எடுத்து ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்ல பார்த்தா போதும். கடல் மணல்ல எடுக்கணும்னா மக்னீசியம் குளோரைடு கரைசலை மணல்ல ஊத்தி கொஞ்ச நேரம் விட்டா புழு மயங்கி பிடியை விட்டுடும், கலக்கி வடிகட்டிக்கலாம். இதுக்கு போட் வேணாம், டைவிங் வேணாம், நல்ல மைக்ரோஸ்கோப் ஒண்ணு போதும்.

அதைவிட முக்கியம், மேக்ரோஸ்டோமம் கண்ணாடி மாதிரி இருக்கும். உயிரோட ஸ்லைடுல வெச்சு கவர்ஸ்லிப்பை லேசா அழுத்தினா கண்ணு, குடல், விரை, சூலகம் எல்லாம் வெளிச்சமாத் தெரியும். வால்ல ஸ்டைலெட்னு கடினமான ஊசி ஒண்ணு இருக்கும், ஆணுறுப்பு, அதோட வளைவும் நுனியும் ஸ்பீஷீஸுக்கு ஸ்பீஷீஸ் மாறும். விந்தணுவோட வடிவமும் மாறும், சிலதுல ரெண்டு பக்கமும் முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். போட்டோ, வீடியோ எடுத்து, அளந்து, அதே புழுவை அப்படியே ஆல்கஹால்ல போட்டு டிஎன்ஏவுக்கு அனுப்பிடலாம். காலைல எடுத்த புழுவுக்கு மத்தியானத்துக்குள்ள உருவ அமைப்பு எல்லாம் பதிவாகிடும். மெழுகு, மைக்ரோடோம் எதுவும் வேணாம். நான் எட்டு மாசம் காத்திருந்து கிடைக்காதது இங்க அரை நாள்ல கிடைக்குது.

உருவம் மட்டும் போதும்னு சொல்லமாட்டேன், அது பொய். 2022-ல மேக்ரோஸ்டோமத்தை உலகம் பூரா சேர்த்து 145 ஸ்பீஷீஸ் வெச்சு ஒரு பெரிய பரிணாம மரம் போட்டாங்க, அதுல 94 அறிவியலுக்கே புதுசா இருக்கலாம்னு சொன்னாங்க. மூணுல ரெண்டு! சில கூட்டத்துல பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள வேற வேற ஸ்பீஷீஸ்னும் தெரிஞ்சுது, அதனால டிஎன்ஏ கட்டாயம்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஆனா வித்தியாசம் என்னன்னா இங்க உருவமும் டிஎன்ஏவும் ஒரே புழுல இருந்து ஒரே நாள்ல கிடைக்குது, ஒண்ணை வெச்சு இன்னொண்ணை சரிபார்க்கலாம்.

பரிணாமக் கேள்விகள் இங்க கொட்டிக் கிடக்கு. மேக்ரோஸ்டோமத்துல சில ஸ்பீஷீஸ் ஜோடி சேர்ந்து ஒண்ணுக்கு ஒண்ணு விந்து பரிமாறிக்கும், சிலது ஊசியால அடுத்த புழுவோட தோலைக் குத்தி உள்ள விடும். இந்தக் குத்துற பழக்கம் இந்த ஒரே பேரினத்துல குறைஞ்சது ஒன்பது தடவை தனித்தனியா வந்திருக்கு, வர்றப்பெல்லாம் ஊசி கூராகி, விந்தணுவோட முள்ளு குறைஞ்சோ இல்லாமலோ போய் எளிமையாகுற போக்கு தெரியுது. ஒரே பரிசோதனையை இயற்கை ஒன்பது தடவை செஞ்சு வெச்சிருக்குன்னு நினைச்சுக்கங்க. மேக்ரோஸ்டோமம் ஹிஸ்ட்ரிக்ஸ் தனியா வெச்சா தன் தலைலயே குத்திக்கிட்டு தனக்குத்தானே கருவுற்றுக்கும்னு 2015-ல காட்டுனாங்க. வளர்க்கணும்னா மேக்ரோஸ்டோமம் லிக்னானோ இருக்கு, இத்தாலில ஏட்ரியாடிக் கடல் ஓரம் எடுத்தது, 2005-ல பேர் வெச்சாங்க, டயாட்டம் பாசி போட்டா மூணு வாரத்துக்குள்ள ஒரு தலைமுறை முடிஞ்சிடும். இதுவும் வெட்டுனா வளரும், ஆனா மூளைப் பகுதி மிச்சம் இருக்கணும், பிளனேரியா மாதிரி தலையே புதுசா வராது.

இதைவிட ஆழமா போகணும்னா ஸ்டெனோஸ்டோமம் இருக்கு. கேட்டனுலிடாங்கிற கூட்டம், மத்த எல்லா தட்டைப்புழுவுக்கும் எதிர்க்கிளைல தனியா நிக்குது. அதாவது தட்டைப்புழுவோட முதல் மூதாதை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா இதைப் பார்க்காம பதில் சொல்லவே முடியாது. அதே கூட்டத்துல கடல்ல பாராகேட்டனுலான்னு ஒண்ணு, வாயும் கிடையாது குடலும் கிடையாது, உடம்புல பாதி வரைக்கும் பாக்டீரியாதான், அதுதான் சோறு போடுது, அந்தக் கூட்டணி 50 கோடி வருஷப் பழசுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. அந்தப் பக்கம் பொத்ரியோபிளானா செம்பெரின்னு ஒண்ணு. 1881-ல இன்னைக்கு எஸ்டோனியால இருக்கிற டார்டு ஊர்க் கிணத்துல பிரவுன்ங்கிறவர் கண்டுபிடிச்சாரு, ரொம்ப காலம் யாரும் பெருசா கண்டுக்கலை. 2015 வாக்குல நூத்துக்கணக்கான ஜீன் வெச்சு மரம் போட்டுப் பார்த்தா நாடாப்புழு, கல்லீரல் புழு, ரத்தப்புழு எல்லாத்துக்கும் ரொம்ப நெருங்கின சொந்தக்காரங்க இந்தக் கிணத்துப் புழுதான்னு வந்துச்சு. ஒட்டுண்ணி வாழ்க்கை எப்படி தொடங்குச்சுங்கிற கேள்வி நாடாப்புழுல இல்ல, தனியா வாழுற இந்தக் குட்டிப்புழுல இருக்கு. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை.

நம்ம பக்கம் இன்னொரு கூட்டமும் இருக்கு, சொல்லாம விட மனசில்ல. ஓடை இறாலோட செவுள் அறைக்குள்ள வாழுற கேரிடினிகோலா இண்டிகா, 1912-ல ஆனண்டேல் விவரிச்சது, அவர்தான் பின்னாடி இந்திய விலங்கியல் ஆய்வகத்தோட முதல் இயக்குநர். இறால் மேலயே ஒட்டிக்கிட்டு வாழும். இறால் வாங்கி செவுளைத் திறந்து பார்க்கிற பொறுமை இருந்தா இதுவே ஒரு தீசிஸ்.

குட்டிப்புழுல குறை இல்லையான்னா இருக்கு. சொல்லிக் குடுக்க ஆள் ரொம்பக் கம்மி. பழைய பேப்பர் பாதி ஜெர்மன்ல இருக்கும், படம் பார்த்துத்தான் பழகணும். ஒரு புழுல கிடைக்கிற டிஎன்ஏ துளியூண்டு, ஒரு டியூப் வீணானா அந்தப் புழு போச்சு, அதனால போட்டோ எடுக்காம எதையும் டியூப்ல போடாதீங்க. ஸ்டெனோஸ்டோமத்துல ஸ்டைலெட் மாதிரி கடினமான உறுப்பு கிடையாது, அதுவும் பிரிஞ்சே பெருகும், அங்க பிளனேரியா பிரச்சினை திரும்ப வரும்னு ஒத்துக்கிறேன், அதனால முதல் ஸ்பீஷீஸ் வேலைக்கு மேக்ரோஸ்டோமம்தான் என் சிபாரிசு. அப்புறம் கடல் மணல்ல கிடைக்கிற எல்லா குட்டியும் தட்டைப்புழு கிடையாது. ஏசீலா கூட்டத்தை முன்னாடி இதுலதான் வெச்சிருந்தாங்க, 1999-ல இருந்து டிஎன்ஏ அதை வெளிய எடுத்து தனியா வெச்சிடுச்சு. கடல் தொட்டி வெச்சிருக்கிறவங்க ரெட் பிளனேரியான்னு திட்டுறாங்களே, அதுகூட ஏசீல்தான்.

நன்னீர் தட்டைப்புழு உலகம் பூரா 1,300 ஸ்பீஷீஸ்க்கு பக்கம்னு 2008-ல ஒரு கணக்கெடுப்பு வந்துச்சு, அதுல பெரும்பங்கு ஐரோப்பாவும் அதை ஒட்டின பக்கமும்தான். அங்க புழு அதிகம்ங்கிறதால இல்ல, பார்க்கிற ஆள் அதிகம். நம்ம ஏரி, கண்மாய், கழிமுகம் எல்லாம் இன்னும் யாரும் பாட்டில்ல எடுத்து வெச்சுப் பார்க்காத தண்ணி.

இப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னேன்னா: உன் கேள்வி தலை வளர்றதோ மலை, நில வரலாறோன்னா பிளனேரியா எடு, ஆனா முதல் மழைக்காலத்துலயே பாலினமுள்ள கூட்டம் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணு, முட்டைக்கூடு கண்ணுல படலைன்னா அந்த ஓடையை விட்டுடு. கரு வளர்ச்சியோ பவளப்பாறையோன்னா பாலிகிளாட், ஆனா டைவிங் தெரிஞ்ச குழுவும் ஏற்கனவே அனுமதி வெச்சிருக்கிற கைடும் இருந்தா மட்டும். எத்தனை வகை, எப்படி வந்துச்சுன்னு நீ கேட்ட அதே கேள்விதான்னா மேக்ரோஸ்டோமம். உன் ஊர்ல பத்து குளம், ஒரு கழிமுகம், ஒரு வருஷம், அவ்ளோதான் ஆரம்பம். பணத்தை சீக்வென்ஸிங்ல போடுறதுக்கு முன்னாடி மைக்ரோஸ்கோப்ல போடு, நல்ல ஆப்ஜெக்டிவும் கேமராவும் இல்லாம இந்த வேலை ஓடாது. ஊசியை ஆயிரம் மடங்கு பெருசாக்கிப் பார்க்கிறப்ப மங்கலாத் தெரிஞ்சா அளவு எல்லாம் தப்பாப் போயிடும்.

"குழாய்த் தண்ணி ஊத்திடாத, குளோரின்ல செத்துடும், குளத்துத் தண்ணியே வெச்சுக்கோ"ன்னும் சொல்லியிருந்தேன். நேத்து சாயங்காலம் போட்டோ ஒண்ணு அனுப்புச்சு. வீட்டுப் பக்கத்து கோயில் குளத்துல பாசி எடுத்து ஊறுகாய் பாட்டில்ல மூணு நாள் வெச்சிருக்கு. கண்ணாடி ஓரமா வெள்ளை நூல் மாதிரி ஒண்ணு. மைக்ரோஸ்கோப் படத்துல பார்த்தா ரயில் பெட்டி கோத்த மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மூணு புழு ஒட்டிக்கிட்டு இருக்கு, பின்னாடி ரெண்டுக்கும் தலை உருவாகிக்கிட்டு இருக்கு, தலைக்கு ரெண்டு பக்கமும் ஸ்டெனோஸ்டோமத்துக்கு இருக்கிற குழி தெளிவாத் தெரியுது. ஸ்டெனோஸ்டோமம். மேக்ரோஸ்டோமம் இன்னும் கிடைக்கலையாம், நாளைக்கு கழிமுகத்துப் பக்கம் போறேன்னு எழுதியிருக்கு, உப்பு அளக்கிற மீட்டர் யார்கிட்டயாவது இருக்கான்னு கேட்டுச்சு, என்னோடதை கூரியர்ல போட்டுட்டேன்.